சார்ஜ் மட்டும் ஏறுகிறது

புது போனை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. பேட்டரிப் படத்துக்குள் மின்னல் குறி தெரியும். கம்ப்யூட்டரோ கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ‘போனே டூப்ளிகேட்டா இருக்கும்’ என்பார் வீட்டில் ஒருவர். ‘கம்ப்யூட்டர் கிழடாயிடுச்சு’ என்பார் இன்னொருவர். இரண்டையும் திட்டுவதற்கு முன்னால் நடுவில் தொங்கும் கேபிளைப் பாருங்கள்.

சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் வேண்டும். மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. ரயிலிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் கூவி விற்கிற மலிவு கேபிள்கள் பலவற்றில் தகவல் கம்பிகள் இரண்டும் இருக்காது. சார்ஜ் ஏறும், வேறெதுவும் ஏறாது. கடையில் ‘டேட்டா கேபிள்’ என்று வாய்விட்டுக் கேட்டு, செருகிக் காட்டச் சொல்லி வாங்குவதே நல்லது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போனோடு பெட்டியில் வரும் கேபிள் நல்லதுதான். ஆனால், புது மாடல்கள் பலவற்றில் அதன் இரண்டு முனையும் ‘சி’ வடிவம். பழைய கம்ப்யூட்டரில் இருப்பதோ தட்டையான பழைய துளை மட்டும். ‘சி’ என்று இருந்தாலே வேகம் என்றும் நம்பிவிட வேண்டாம். 2023-ல் வந்த ஐபோன் 15 வரிசையில் எல்லா போனுக்கும் ஒரே துளைதான். சாதாரண மாடலுக்கு நொடிக்கு 480 மெகாபிட், ப்ரோ மாடலுக்கு 10 ஜிகாபிட். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

கேபிள் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் மௌனம் சாதித்தால், அது போனின் எச்சரிக்கை உணர்வு. கண்ட கண்ட இடத்தில் சார்ஜ் போடுகிறோம், அங்கே யாரும் உள்ளே கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக, 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து ‘சார்ஜ் மட்டும்’ என்பதே இயல்பு நிலை. போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து திரையை இழுத்து, யு.எஸ்.பி. அறிவிப்பைத் தட்டி, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோன் என்றால், ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?’ என்று கேட்கும். நம்பலாம் என்று சொல்லி, பாஸ்கோடும் போட வேண்டும்.

இதற்குப் பிறகு நான் எழுத வேண்டியிருந்தது வேறு. போனுக்கு வரும் அழைப்பைக் கம்ப்யூட்டரில் எடுப்பது, மெசேஜுக்குக் கீபோர்டில் பதில் தட்டுவது, ஓ.டி.பி.யைப் பெரிய திரையில் பார்ப்பது என்று ஆசிரியர் குழு ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. விண்டோஸில் இருக்கும் ‘ஃபோன் லிங்க்’ இதையெல்லாம் ஓரளவு ஒழுங்காகவே செய்கிறது. ஒரு கியூ.ஆர். கோடு, நாலைந்து அனுமதி, வேலை முடிந்தது. இதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. போன் ரிப்பேர் கடைகளில் உட்கார்ந்து கேட்டதில், எனக்குக் கவலையாகிப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: நம் குடும்பப் படங்கள்.

ரிப்பேர் மேஜைக்கு வருகிறவர்களில் பலர் போனைக் காப்பாற்றக் கேட்பதில்லை. ‘போன் போனாப் போகுது, உள்ள இருக்கற போட்டோ மட்டும் எடுத்துக் கொடுங்க’ என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த போன், லாரிச் சக்கரத்தில் மாட்டிய போன், பேட்டர்ன் என்னவென்று யாருக்கும் சொல்லாமல் இறந்துபோன அப்பாவின் போன். முன்பு அதற்கு ஒரு வழி இருந்தது. மெமரி கார்டைப் பிடுங்கி வேறொன்றில் போட்டால் படங்கள் வந்துவிடும். இப்போது பல மாடல்களில் கார்டு போடும் இடமே இல்லை. உள்நினைவகம் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து புது போன்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். திருடனுக்கு எதிராகப் போட்ட பூட்டு, நன்மைக்குத்தான். சிப்பைத் தனியே கழற்றினாலும் உள்ளிருப்பதைப் படிக்க முடியாது. ‘அந்த போர்டுக்கே மறுபடி உயிர் வந்தாத்தான் சார், படத்தைப் பத்திப் பேச முடியும்’ என்றார் ஒரு மெக்கானிக்.

‘எங்களுது எல்லாம் கிளவுட்ல இருக்கு’ என்பவர்களிடம் ஒரு கேள்வி: எத்தனை ஜி.பி. இருக்கிறது? ஆண்ட்ராய்டு கணக்கோடு இலவசமாக வருவது 15 ஜி.பி., ஐபோனோடு வருவது 5 ஜி.பி. அந்தப் பதினைந்தை மின்னஞ்சலும் பங்குபோட்டுக்கொள்கிறது. நம்மில் பலர் பயன்படுத்தும் ஒரு போட்டோ சேவையில் கணக்கு வழக்கில்லாமல் படம் ஏற்றும் இலவசம் 2021 ஜூன் 1-ம் தேதியோடு நின்றுபோனது. 4கே வீடியோ ஒரு நிமிடம் எடுத்தாலே சில நூறு எம்.பி. ஆகிறது. காதுகுத்து ஒன்று முடிவதற்குள் இடம் நிறைந்துவிடும். நிறைந்ததும் பேக்கப் சத்தமில்லாமல் நிற்கும். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்ற அறிவிப்பைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்பதே மறந்துபோகும்.

இதைவிடப் பெரிய குழப்பம், பேக்கப்பும் ஒத்திசைவும் ஒன்று என்று நினைப்பது. போனில் இடம் பண்ணலாம் என்று அந்த போட்டோ ஆப்பிலேயே படத்தை அழித்தால் கிளவுட்டிலிருந்தும் அது போகிறது. குப்பைத்தொட்டியில் 30 நாளோ 60 நாளோ கிடக்கும், பிறகு கிடையாது. இரண்டு ஆண்டுகள் தொடப்படாத கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பர் முதல் ஒரு சேவை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இறந்துபோனவரின் கணக்கை யார் தொடப்போகிறார்கள்?

கிளவுட் ஆதரவாளர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவூட்டுவார்கள். ஆல்பமும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே சேற்றில் போன வீடுகள் சென்னையில் உண்டு. நியாயமான பேச்சுதான். அதற்காக வீட்டில் ஒரு பிரதிகூட வேண்டாம் என்று ஆகிவிடாது.

எனவே புது போனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைப்பது என்றால், என் கணக்கில், படங்களை இறக்கிவைப்பதுதான். அதில்தான் எரிச்சலும் அதிகம். ஒருகாலத்தில் போனைச் செருகினால் பென் டிரைவ் போலத் தனி டிரைவாகத் தெரியும். அப்போது அந்த இடம் முழுவதையும் கம்ப்யூட்டர் தன் வசம் எடுத்துக்கொள்ளும். போனால் அதைத் தொட முடியாது. அந்தச் சங்கடத்துக்காக 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு எம்.டி.பி. என்ற முறைக்கு மாறியது. பாட்டு கேட்கும் கருவிகளுக்காகப் பிறந்த முறை அது. ஒரு கோப்பைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கும். பத்தாயிரம் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்தால் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. மாதவாரியாக, ஐந்நூறு ஐந்நூறாக எடுப்பதே உத்தமம். ‘கட்’ செய்யவே கூடாது. ‘காப்பி’ செய்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகு போனில் அழிக்கலாம்.

கேமரா படங்கள் டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரில் இருக்கும். டிஜிட்டல் கேமராக்களுக்காக ஜப்பானில் வகுத்த விதியிலிருந்து வந்த பெயர் அது. வாட்ஸ்அப் படங்கள் அங்கே இருக்காது. புது ஆண்ட்ராய்டு போன்களில் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப்பின் பெயர் தாங்கிய ஃபோல்டர் என்று ஆழத்தில் ஒளிந்திருக்கும். தவறவிடாதீர்கள், சொந்தக்காரர்கள் எடுத்து அனுப்பியதெல்லாம் அங்கேதான். கேமரா படம் என்றால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அது உரிக்கப்பட்டுவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே தடயம் கோப்பின் பெயர். 20230115 என்று அதில் இருந்தால், 2023 பொங்கலன்று வந்த படம். அழகாக இருக்கட்டும் என்று பெயரை மாற்றிவிட்டால் தேதி போயே போயிற்று.

ஐபோன்காரர்களுக்கு வேறு இம்சை. 2017-ல் வந்த ஐ.ஓ.எஸ். 11-லிருந்து அவர்கள் படங்கள் எச்.இ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. இடம் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். ஆனால், பழைய கம்ப்யூட்டர் அதைத் திறக்க மறுக்கும். கூடுதல் மென்பொருள் போட வேண்டும். ‘ஒரிஜினல் படமே போகட்டும்’ என்ற அமைப்பைப் போனில் மாற்றி வைத்தால், பாதியில் அறுந்துபோகும் தொல்லை பெருமளவு குறைகிறது. இடத்தை மிச்சப்படுத்தும் வசதியை முடுக்கியிருந்தால் போனில் இருப்பது சிறு வடிவம்தான். முழுப் படம் கிளவுட்டில். கேபிள் போட்டு எவ்வளவு இழுத்தாலும் அது வராது.

கம்ப்யூட்டர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர், 2011-லிருந்து பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகத் தந்த லேப்டாப்தான். பேட்டரி செத்தாலும் அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிந்தது. அதற்கு மேலே போக முடியாத கம்ப்யூட்டரில் வங்கி வேலை வேண்டாம். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, படங்களை இறக்கி ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற அது தாராளமாகப் போதும். அந்த டிஸ்க் எஃப்.ஏ.டி. 32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. நீளமான கல்யாண வீடியோ அங்கேதான் முரண்டு பிடிக்கும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிட்டால் பிரச்னை இல்லை. மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால், வாங்கிய அன்றே மாற்றிவிடுவது உசிதம்.

முதலில் கை வைக்க வேண்டியது உங்கள் போனில்கூட இல்லை, வீட்டுப் பெரியவர்களின் போனில். அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் நம்பர்களை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறார்கள். அதில் ஆயிரக்கணக்கில் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூவும், பிள்ளையாரும், தலைவலிக்கு சுக்கு வைத்தியமும் இருக்கும்தான். உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் வெறுத்துப்போய் மொத்தத்தையும் அழிக்கத் தோன்றும். பொறுக்க வேண்டாம், ரோஜாப்பூவோடு அப்படியே இறக்கிவையுங்கள். சித்தப்பா எப்போதோ அனுப்பிய தாத்தாவின் படம், அவரே தன் போனிலிருந்து அழித்துவிட்டது, அந்தப் பூக்களுக்கு நடுவில்தான் எங்காவது இருக்கும்.