ஈரம் உலரட்டும்

வடகிழக்குப் பருவமழை விட்டு வெளுத்த ஐப்பசிக் காலையில், பட்டன் டயர் பூட்டிய கியர் சைக்கிள்களில் நாகமலை அடிவாரத்தையும் கீழக்குயில்குடிச் சமணமலைச் சாரலையும் நாடிச் செல்லும் மதுரை இளைஞர்களின் உற்சாகம் மிகவும் போற்றத்தக்கதேயாயினும், அந்த வேளையில் மட்டும் அவர்கள் மண்பாதைகளையும் கண்மாய்க்கரைகளையும் தவிர்த்துத் தார்ச்சாலையோடு திருப்தியடைய வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.

காரணம் மண்ணின் சுபாவத்தில் இருக்கிறது. துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால், அவை ஒன்றையொன்று பற்றிநிற்கும் சக்தி குன்றுகிறது. அந்நிலையில் ஆளின் பாரத்தோடு சக்கரம் உருளுமானால், மண் இருபுறமும் பிதுங்கி, நடுவே நீண்ட தடம் விழுகிறது. வெயிலில் அத்தடம் இறுகிப்போக, அடுத்த மழையில் பாதை முழுவதும் பரவி வடிந்திருக்க வேண்டிய ஜலம் அதையே வாய்க்காலாகக் கொண்டு, வேகம் பெற்று, மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. சேற்றுக்கு ஒதுங்கிப் பக்கத்துப் புல்லின்மேல் ஓட்டினாலும் தீங்குதான். வேர் அறுந்து சேறு இன்னும் விரிகிறது.

கண்மாய்க்கரையிலோ இது அபாயமாகவே முடியலாம். கரை என்பது மண்ணால் எழுப்பிய அணை. அதன் உச்சியில் விழுந்த தடத்தில் தேங்கும் நீர், தாழ்ந்த இடம் கண்டு சரிவில் வழிந்து கரையையே அறுக்கத் தொடங்கும். ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்து காத்த கரைகள் இவை. அவ்வழக்கம் நலிந்துபோனதால் 2017-ல் அரசே அப்பெயரில் ஒரு திட்டம் தொடங்க நேர்ந்தது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில், ஏழு குன்றுகளின் ஊற்றுகளும் கண்மாய்களும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு, சரிவில் அரிபட்ட மண் கடைசியில் எங்கே போய்ப் படியும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவ்வூரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இப்பிரதேசத்து உழவர், பதம் வருமுன் ஏர் பூட்டுவதில்லை. சைக்கிளோட்டிக்கும் அதுவே பிரமாணமாகட்டும். சரளை கலந்த செம்மண் விரைவில் நீரை வடித்துவிடும். நீரை உறிஞ்சி உப்பும் திருமங்கலத்துக் கரிசலோ பல நாள் காத்திருக்கச் செய்யும். காலை ஊன்றிப் பார்த்து, சுவடு ஆழப் பதிந்தாலும், டயரில் மண் அப்பினாலும் திரும்பிவிடுவது உசிதம். பாதிவழியில் மழை பிடித்துக்கொண்டால், சைக்கிளைத் தோளில் சுமந்தேனும் தார்ச்சாலையை அடையலாம். தடம் ஏற்கெனவே விழுந்துவிட்ட கரைகளில், தைக்குப் பின் ஊராரோடு கலந்து, மண்வெட்டியால் அதைத் தூர்த்துச் சமன்செய்து கொடுப்பது இன்னும் சிலாக்கியமான காரியம்.