யாரோடு ஒப்பிடுவது?

ஓர் ஆலையின் தொழிலாளர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகமா என்று ஆராய்பவர், யாரைவிட அதிகம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அந்தத் தேர்வு தவறானால், உண்மையான ஆபத்தும் கணக்கில் காணாமல் போய்விடும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் அமைந்துள்ள அலகெனி மாவட்டம் உருக்காலைகளுக்குப் பேர்போனது. அங்கே ஏழு ஆலைகளில் 1953இல் வேலையில் இருந்த ஏறத்தாழ 59 ஆயிரம் பேரை, வில்லியம் லாய்டு உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மாவட்டத்தின் பொது மக்களோடு ஒப்பிட்டபோது, உருக்காலைத் தொழிலாளர்களின் இறப்பு விகிதம் குறைவாகவே தெரிந்தது.

அதற்காக அனலும் புகையும் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது. கடும் உழைப்புக்குத் திடமானவர்களையே வேலைக்கு எடுப்பார்கள். நோயில் விழுந்தவர்கள் வேலையை விட்டுவிடுவார்கள். பொது மக்கள் கணக்கிலோ, வேலைக்கே போக முடியாத நோயாளிகளும் சேர்ந்திருக்கிறார்கள். இப்படி வரும் வேறுபாட்டை ‘ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு’ என்கிறார்கள். இதய நோய்க் கணக்கில் இது வலுவாகத் தெரியும். வெளிப்படப் பல ஆண்டுகள் பிடிக்கும் புற்றுநோயில் சற்றுக் குறைவு. ஆனாலும் ஆபத்தை மறைக்க அது போதும்.

எனவே லாய்டு, உருக்காலைத் தொழிலாளர்களை உருக்காலைத் தொழிலாளர்களோடே ஒப்பிட்டார். யார் எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று பிரித்ததும் காட்சி மாறியது. நிலக்கரியைச் சுட்டுக் கல்கரியாக்கும் உலைகளில் வேலை செய்தவர்களிடையே, நுரையீரல் புற்றுநோய் இறப்பு சுமார் இரண்டரை மடங்கு. புகை நேரடியாகத் தாக்கும் உலையின் மேல்தளத்தில் ஐந்தாண்டுக்கு மேல் முழுநேரமும் நின்றவர்களுக்கோ பத்து மடங்கு! 1971இல் இந்த முடிவு வெளியானது.

அந்த மேல்தள வேலை பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்களின் தலையில்தான் விழுந்திருந்தது. இன வேறுபாடு போலத் தோன்றிய நோய்க்கணக்கின் பின்னால் இருந்தது வேலைப் பங்கீடு.

ஒரே ஆலைக்குள் ஒப்பிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. புகைபிடிக்கும் வழக்கம், வருமானம், வசிக்கும் சூழல் போன்றவை இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒத்திருக்க வாய்ப்பு அதிகம். குறையும் உண்டு: நச்சு ஆலை முழுவதும் பரவியிருந்தால் இரு தரப்பும் பாதிக்கப்படும், இடைவெளி சுருங்கிவிடும். ஆகவே நல்ல ஆய்வு இரண்டு வகையிலும் ஒப்பிடுகிறது, வயதைச் சமன்செய்கிறது, நச்சில் நின்ற ஆண்டுகள் கூடக்கூட நோயும் கூடுகிறதா என்று பார்க்கிறது.

கல்கரி உலைப் புகைக்கு அமெரிக்க அரசு 1976இல் வரம்பு விதித்தது: ஒரு கன மீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராம். அதற்கு ஆதாரமாக நின்ற ஆய்வுகளில் லாய்டின் ஆய்வும் ஒன்று.

‘எங்கள் தொழிலாளர்களின் இறப்பு விகிதம் பொது மக்களைவிடக் குறைவு’ என்று எந்த நிர்வாகம் சொன்னாலும், பிரிவு வாரியான, ஆண்டு வாரியான கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். மிக மோசமான இடத்தில் நிற்கும் சிலரின் உயிர், பல்லாயிரம் பேரின் சராசரிக்குள் கரைந்துபோக விடக் கூடாது.