வாயில் விளக்கு

மாலைப்பொழுதில் வீட்டு வாயிலில் விளக்கு வைத்தல் தமிழ்நாட்டின் நெடுநாளைய வழக்கம். அதன்பொருட்டே முன்னோர் வாயிற்சுவரில் மாடம் அமைத்தனர். எண்ணெயும் திரியும் உள்ள அகலை எங்கு வேண்டுமாயினும் எடுத்து வைக்கலாம். மின்விளக்கு அத்தகையதன்று, அதற்குக் கம்பி வேண்டும், அக்கம்பியும் உரிய கம்பியாதல் வேண்டும்.

பழைய வீடுகள் பலவற்றில் வாயிற்புறத்துக்கு விளக்கு இராது. கூடத்துச் சுவரின் உட்புறத்தில் சுவிட்சு ஒன்று இருக்கும். 'சுவரைத் துளைத்து, அச்சுவிட்சில் உள்ள இரு கம்பிகளோடு வேறு இரு கம்பிகளைச் சேர்த்து, வெளியே ஒரு விளக்கை மாட்டினால் என்ன?' என்று வீட்டார் எண்ணுவர். அவ்வாறு மாட்டினால் விந்தையொன்று நிகழும். இரண்டும் ஒத்த ஆற்றலுடைய இழைபல்புகளாயின், கூடத்துச் சுவிட்சை அணைத்தவுடன் இரு விளக்குகளும் மங்கலாக எரியும். சுவிட்சைப் போட்டாலோ, கூடத்து விளக்கு ஒளிவிட, வாயில் விளக்கு அணைந்துபோகும்!

இதற்குக் காரணம் யாது? மின்னோட்டம் ஒரு கம்பி வழியே வந்து, விளக்கினூடே சென்று, மற்றொரு கம்பி வழியே மீள்கிறது. (உண்மையில் அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது, எனினும் இவ்விடத்து இவ்வாறு கொள்ளுதல் பொருந்தும்.) வரும் கம்பியைப் பேஸ் என்றும், மீளும் கம்பியை நியூட்ரல் என்றும் தொழிலாளர் வழங்குவர். சுவிட்சு என்பது பேஸ் கம்பியை இடையே அறுத்து வைத்த கதவேயாகும். ஆதலின் அதில் காணப்படும் கம்பிகள் இரண்டும் பேஸ் கம்பியின் இரு துண்டுகளே. நியூட்ரல் கம்பி பெரும்பாலும் அங்கு வராமல் நேரே விளக்கிற்குச் சென்றுவிடும். அவ்விரு துண்டுகளுக்கிடையே புதிய விளக்கை இணைத்தால், மின்னோட்டம் இரு விளக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தல் வேண்டும். 230 வோல்ட்டு அழுத்தத்தை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்வதால் இரண்டும் மங்குகின்றன. சுவிட்சைப் போட்டதும் தடையற்ற வழி திறக்கவே, மின்னோட்டம் வாயில் விளக்கை விடுத்து அவ்வழியே சென்றுவிடுகிறது.

ஆகவே, வாயில் விளக்கிற்குத் தனிச் சுவிட்சு வேண்டும். பேஸ் கம்பியினின்றும் ஒரு கிளை அச்சுவிட்சின் வழியாகச் செல்ல, அதே சுற்றின் நியூட்ரல் கம்பியை இணைப்புப் பெட்டியிலிருந்து கொண்டுவருதல் வேண்டும். விளக்கின் கூடு உலோகமாயின் எர்த் கம்பியும் இன்றியமையாதது.

கம்பி அறியாதவர் சிலர் நியூட்ரலை அறுத்து அதில் சுவிட்சை வைத்துவிடுவர். அப்போதும் விளக்கு எரியும், அணையும், கண்ணுக்கு யாதொரு வேறுபாடும் தோன்றாது. ஆனால், அணைந்த விளக்கின் பிடிப்பில் 230 வோல்ட்டு அழுத்தம் நின்றுகொண்டேயிருக்கும். மழைநாளில் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று, 'அணைத்தாயிற்று' என்னும் துணிவில் பல்பைக் கழற்றுபவரின் விரல் அதில் பட்டால், மின்னோட்டம் அவருடல் வழியே நிலத்தை அடையும். உயிர் போதலும் கூடும்.

சிவப்பு பேஸுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை எர்த்துக்கும் உரிய நிறங்கள். எனினும் பழைய வீட்டில் நிறத்தை நம்புதல் தகாது. கைக்குக் கிடைத்த கம்பியை இட்டுச் சென்றவர் பலர். எனவேதான் உரிமம் பெற்ற கம்பியாளர், முதலில் எது பேஸ் என்று சோதித்தறிந்து, பின்னர் மெயின் சுவிட்சை நிறுத்தி, கம்பியில் மின்சாரம் இல்லை என்பதையும் மறுபடி சோதித்த பின்னரே கை வைப்பார்.

மின்கசிவைக் கண்டு சுற்றைத் துண்டிக்கும் கருவியொன்றும் இக்காலத்தில் உண்டு. செல்லும் மின்னோட்டத்தையும் மீளும் மின்னோட்டத்தையும் அது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லியாம்பியர் அளவு குறைந்து மீண்டாலும், நொடியின் ஒரு சிறு கூற்றில் சுற்றைத் துண்டித்துவிடும். 60 வாட்டு பல்பு ஒன்று கொள்ளும் மின்னோட்டத்தில் அஃது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே.

இனி எஞ்சுவது மழை. நீர் புகாத மூடியுடைய விளக்கையே வெளியில் மாட்டுவர். கம்பி விளக்கினுள் புகுமுன், சற்றுக் கீழே தொங்கி வளைந்து பின் மேலேறுமாறு விடுவர். கம்பி வழியே இறங்கும் மழைநீர் உள்ளே செல்லாமல் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.