உறைபனியில் உறங்கும் தாமரை

திருப்புட்குழி ஜடாயு தீர்த்தத்தின்மேல் உறைபனி படர்வதில்லை. அவ்வூர்க் கொல்லைக் குட்டையில் வளரும் தாமரைக் கிழங்கை உதகைக்குக் கொண்டுபோய் நட்டால் என்ன ஆகும்?

மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவில் உதகையின் தரை வெப்பத்தை வேகமாக இழக்கும். விடியலில் புல்லெல்லாம் வெள்ளை! நீர்மேல் நிற்கும் தாமரை இலைகள் கருகிவிடும். செடி செத்ததென்று பிடுங்கிவிடாதீர்கள். நீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி மிக அதிகம். அந்த நீர் அடியில் தங்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதக்கும். ஆகவே இலேசான உறைபனி சேற்றிலுள்ள கிழங்கைத் தொடாது. (நாலு விரல் ஆழத் தொட்டி என்றால் கதை வேறு!)

காசுமீரத்துத் தால் ஏரியைப் பாருங்கள். கடுங்குளிரில் அதன் மேற்பரப்பே உறைவதுண்டு. ஆயினும் ஜூலையில் அங்கே தாமரை மலர்கிறது. அப்போது ஸ்ரீநகரில் பகல் வெப்பம் சுமார் 30 டிகிரி. உதகையிலோ கோடையிலும் 23 டிகிரியை ஒட்டித்தான். அங்கே கிழங்கு பிழைக்கும், இலையும் விடும். மொட்டு வருவதுதான் கடினம்.