உங்களுக்குத் தெரியுமா? பவளத்தொட்டிக்கு அழைக்காமல் வரும் உயிர்கள்

1990-இல் கூடலூரில் முதலில் தென்பட்ட காப்பிக் காய்த்துளைப்பானைப் பற்றி ஏற்காடு மஞ்சக்குட்டைக் காப்பித் தோட்டக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாக்கோடு சாக்காக ஊர் மாறும் வண்டு அது. வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். வாங்குவது லைவ் ராக் எனும் ஒரு கடற்பாறைத் துண்டு. அதன் பொந்துகளில் புழு, நண்டு, இறால் எல்லாம் கூடவே வரும்.

● பகலில் தேடிப் பயனில்லை. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சால் பாருங்கள். பெரும்பாலான கடலுயிர்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது, அதனால் அவை ஓடி ஒளியா.

● இரவில் 'டிக்' என்று சத்தம் கேட்டால் பிஸ்டல் இறாலாக இருக்கலாம். அதனால் பெரிய தொல்லையில்லை. மேன்டிஸ் இறாலாகவும் இருக்கலாம். அது நத்தை ஓட்டை அடித்து உடைத்துத் தின்னும். பொறி வைத்துப் பிடித்துத் தனித் தொட்டியில் விடுங்கள்.

● பழுப்பு நிறத்தில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு கடல் சாமந்தி அயிப்டேசியா. தயவுசெய்து அதைப் பிய்த்தெடுக்காதீர்கள். கல்லில் ஒட்டிய துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். பெர்கியா என்ற ஓடில்லா கடல் நத்தைக்கு அயிப்டேசியாதான் உணவு. ஏற்காட்டுக் குளிரில் ஹீட்டர் நின்றுபோனால் பவளம் வாடும். அயிப்டேசியாவோ எளிதில் சாகாது.

● பக்கமெல்லாம் மயிர் நீட்டிய பிரிசில் புழுவைக் கண்டதும் கொல்வது அநியாயம். மீந்த தீனியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்குவதே பெரும்பாலும் அதுதான். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். மயிர் குத்தி எரியும்.

● 'கிருமி போகட்டும்' என்று கல்லைக் கொதிக்க வைப்பது உயிருக்கே ஆபத்து. கல்லில் ஒட்டி வரும் சோவாந்தட் எனும் உயிர்களின் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971-இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்டது. கல்லைக் கொதிக்க வைத்தபோது எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனை சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

● மன்னார் வளைகுடாப் பவளப்பாறையை ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செயற்கைக் கல் போதும். அழையா விருந்தாளிகளும் குறைவு.

● எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் மட்டி, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்களோடு வந்ததாகக் கருதப்படும் அது, ஆற்றுப்படுகையில் அடர்ந்து மூடி இறாலுக்கும் மஞ்ச மட்டிக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. 1984-இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அருகே ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட, தொட்டிகளில் வளர்க்கும் காலர்பா பாசி, பிறகு மத்தியதரைக் கடலோரம் பல நாடுகளுக்குப் பரவியது. ஆகவே தொட்டியில் களைந்த பாசியையும் உயிரையும் எந்த நீர்நிலையிலும் கொட்டாதீர்கள். பையில் கட்டி ஃப்ரீசரில் நன்றாக உறையவிட்டுக் குப்பையில் போடுங்கள்.