வீட்டையே ஊருக்குக் கொடுத்த முதல்-மந்திரி!

பதவிக்கு வந்தால் வீடு கட்டுவார்கள். இருந்த வீட்டையே கொடுத்தவர் உண்டா?

உண்டு! ராஜபாளையம் பூ. ச. குமாரசாமி ராஜாதான் அவர். 1898-ல் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். பாட்டி வளர்த்தார்.

காந்தியடிகள் வழியில் சுதந்திரப் போரில் குதித்தார். 1949-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். (அப்போது அதுதான் பதவியின் பெயர்.) 1950 ஜனவரி 26-ந் தேதி இந்தியா குடியரசு ஆனது. அதுமுதல் அவர் 'முதல்-மந்திரி'!

1952 தேர்தலில் தோல்வி. ஆனாலும் மனம் தளரவில்லை. 1954-ல் ஒரிசா கவர்னர் ஆனார்.

ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டைக் கலை வளர்க்கக் கொடுத்தார். அதுவே 'காந்தி கலை மன்றம்'.

1957-ல் அவர் மறைந்தார்.

செங்கல்லை அடுக்கினால் வீடு எழும். அதைக் கொடுக்கப் பெரிய மனம் வேண்டும்!