காணாமல் போனது முகவரியா, கார்டா?

பழைய விண்டோஸ் 95 கணினி ஒன்றைத் தூசு தட்டி ஓட வைக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் ‘நெட்வொர்க்’ பெட்டியைத் திறந்தால் ஐ.பி. முகவரி போட வேண்டிய இடத்தையே காணோம். செட்டிங் அழிந்துவிட்டது, விண்டோஸைத் திரும்பப் போடு என்பதே பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு. அது அவசரத் தீர்ப்பு. எந்த நெட்வொர்க் கார்டு, எந்த மென்பொருள் தன்னிடம் இருப்பதாகக் கணினி நம்புகிறதோ அதைத்தான் அந்தப் பெட்டி காட்டும். பெட்டியில் ஒன்று இல்லை என்றால், தேட வேண்டியது அதற்கு அடியில். விருத்தாசலம் செராமிக் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கிளேஸ் பூச்சில் மயிரிழை வெடிப்பு ஓடினால், பூச்சும் அதன் அடியில் உள்ள மண்ணும் சூட்டில் ஒத்து விரிந்து சுருங்கினவா என்றுதான் பார்ப்பார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. அந்த செட்டிங் அங்கே எப்போதாவது இருந்ததா? அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை 1995 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. சென்னை தொடக்க நகரங்களில் ஒன்று. கடலூர் மாவட்டத்து மங்களூர் போன்ற ஊர்களுக்கு அது எட்டாத தூரம். மாணவர்களுக்கு அந்த நிறுவனம் மலிவாகத் தந்தது ஷெல் கணக்கு. வேலை முழுக்க நிறுவனத்தின் சர்வரில் நடக்கும், வீட்டுக் கணினி வெறும் எழுத்துத் திரை. அதற்குத் தனி ஐ.பி. முகவரியே தேவைப்படவில்லை. ஒன்பது நாள் கழித்து வெளிவந்த விண்டோஸ் 95-உம் இணையத்தைப் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. நெட்வொர்க் கார்டைக் கண்டால் நெட்பியூய், ஐ.பி.எக்ஸ். என்ற அலுவலக நெறிமுறைகளைத்தான் அது தானாகப் போட்டுக்கொண்டது. இணையத்தின் நெறிமுறையான டி.சி.பி./ஐ.பி. வேண்டுமென்றால் நாமே ‘ஆட்’ பட்டனை அழுத்திச் சேர்க்க வேண்டும். தானாக வரத் தொடங்கியது விண்டோஸ் 98-இல்தான். பிற்பாடு சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி மதுரை மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுபோனது. அதன் சுவர்ப்பெட்டியைக் கணினியின் சீரியல் போர்ட்டில் செருகினாலே நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் கிடைத்தது. அப்படி ஓடிய கணினியில் லேன் கார்டின் செட்டிங்கைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அது டயல்-அப் பக்கம் இருக்கும்.

சரி, முன்பு இருந்தது, இப்போது இல்லை என்பது உறுதியானால்? அங்கேதான் விஷயம் சுவையாகிறது. அக்காலத்து என்.இ.2000 வகை நெட்வொர்க் கார்டுகள் பலவும் ஐ.ஆர்.க்யூ. 3 என்ற குறுக்கீட்டு எண்ணில் (ஒரு கருவி கணினியின் கவனத்தைக் கூப்பிடும் வழி) வேலை செய்தன. அந்த எண் வழக்கமாக இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கு உரியது. ஆகவே கார்டைப் பொருத்தியவர் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் அந்த போர்ட்டை அணைத்து வைத்திருப்பார். பல வருஷம் கழித்து மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோகிறது. பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குத் திரும்புகிறது, சீரியல் போர்ட் மறுபடி விழித்துக்கொள்கிறது, எண்ணுக்குச் சண்டை வருகிறது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி. குழம்பிப்போனவர் கார்டை அங்கிருந்து நீக்கினால், அதோடு பிணைந்திருந்த டி.சி.பி./ஐ.பி. வரியும் சேர்ந்தே போய்விடும். பேட்டரியில் தொடங்கியது, முகவரிப் பெட்டியில் வந்து முடிகிறது. கணினியின் தேதி 1980-க்கு ஓடியிருந்தால் சந்தேகத்தை முதலில் அந்தப் பேட்டரி மேல் வைக்கலாம்.

வயர் கெட்டிருக்கலாமே என்பார்கள். கெட்டிருக்கலாம். ஆனால் வயர் கெட்டால் தொடர்புதான் போகும், செட்டிங் பெட்டி அப்படியே இருக்கும். இரண்டும் வேறு நோய். கோஆக்சியல் கேபிள் போட்ட பழைய நெட்வொர்க் என்றால் சோதிப்பதும் சுலபம். இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் இருப்பதால், கணினிகளை அணைத்துவிட்டு நடுவில் மல்டிமீட்டரை வைத்தால் ஏறத்தாழ 25 ஓம் காட்ட வேண்டும். 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, அல்லது டெர்மினேட்டர் இல்லை.

விண்டோஸைத் திரும்பப் போடுவதில் என்ன தவறு, அரை நாளில் முடிந்துவிடுமே என்பது இன்னொரு வாதம். எண் சண்டை தீராத வரை புது விண்டோஸும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். அதைவிட மோசம், கார்டுக்கான டிரைவர் ஃப்ளாப்பி எப்போதோ தொலைந்திருக்கும்; மிச்சமிருக்கும் ஒரே பிரதி அந்த ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கலாம். ஃபார்மட் செய்தால் அதுவும் போச்சு. முதலில் டிஸ்க்கை முழுசாக நகலெடுப்பதே புத்திசாலித்தனம். பி.சி.ஐ. ஸ்லாட் இருந்தால் ரியல்டெக் 8139 போன்ற கார்டை மாட்டிக்கொள்ளலாமே என்றால், அது நியாயமான யோசனை. பி.சி.ஐ. கார்டுகள் குறுக்கீட்டு எண்ணைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும், சண்டை வெகுவாகக் குறையும். ஸ்லாட் இல்லாத 486 என்றால் பயாஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு இதை இணையத்தில் இணைக்கத்தான் வேண்டுமா? வேண்டாம். விண்டோஸ் 95-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2001-லேயே நின்றுவிட்டது. இன்றைய தளங்கள் கேட்கும் குறியாக்கமும் அதன் பிரவுசருக்குத் தெரியாது. பழைய கணக்குப் பதிவுகளும் வரைபடங்களும் பக்கத்து மேசைக் கணினிக்கு வந்து சேர்ந்தால் போதும். இரண்டுக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒவ்வொன்றைக் கையால் கொடுத்து, புதிய கணினியில் எஃப்.டி.பி. சர்வர் ஒன்றை ஓடவிட வேண்டும். டி.சி.பி./ஐ.பி.யைச் சேர்த்ததுமே விண்டோஸ் 95-இல் ‘எஃப்.டி.பி.’ கட்டளை தானாக வந்துவிடுகிறது.